பிறந்த வீட்டுப் பூட்டு

அத்தியாயம் 6

நாற்பத்தோராவது தடவையாகக் கொழுந்தன் அந்த ஃபைலைத் தட்டினான். நாற்பத்தோராவது தடவையாகக் கம்ப்யூட்டர் கொஞ்சமும் கூச்சமில்லாமல் அதே பதிலைச் சொன்னது: ‘இந்த ஃபைலைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.’

“பொண்ணு கேட்டுப் போன வீட்டுல கூட என்னை இத்தனை தடவை வெளிய தள்ளினதில்ல அண்ணி,” என்றான்.

“அங்கெல்லாம் நீ ஒரு தடவை வாயைத் திறந்ததே போதுமா இருந்துச்சு தம்பி. நகரு.”

அண்ணி என்றால் ஊருக்கே அண்ணி என்று நினைத்துவிட வேண்டாம். அவனுக்கு மட்டும்தான், அதுவும் கூடப் பிறந்த அண்ணனின் மனைவி என்கிற அசல் அண்ணி. துப்பறியும் ஆபீஸ் அவளுடையது, மூளை அவளுடையது, வாய் மட்டும் கொழுந்தனுடையது. அண்ணன் ஒரு கணக்கு வாத்தியார், வீட்டில் ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தை பேசினால் அதிகம். அவர் மிச்சம் பிடித்த வார்த்தைகளை எல்லாம் தம்பிதான் வெளியே கொண்டுவந்து செலவழிக்கிறான்.

மணி இரண்டே முக்கால். அவர்கள் உட்கார்ந்திருந்தது லிஃப்ட் பழுது பார்க்கும் கம்பெனி ஒன்றின் ஒர்க்‌ஷாப்பில். நாலு மணிக்கு விசாரணை அதிகாரி வருகிறார். அதற்குள் இந்த ஒரே ஒரு ஃபைல் திறந்தாக வேண்டும். திறக்காவிட்டால் மெக்கானிக் ஒருவரின் வேலை போகும். அதிகாரிக்கு மூடு சரியில்லை என்றால் கம்பி எண்ணவும் நேரலாம்.

நடந்தது இதுதான். செவ்வாய்க்கிழமை காலை, ஏழுமாடிக் கட்டடம் ஒன்றின் லிஃப்ட் இரண்டாவது மாடியிலிருந்து பிரேக் பிடிக்காமல் சறுக்கித் தரையில் மோதியது. உள்ளே இருந்த தையல்காரருக்குக் கால் முறிந்தது. அந்த லிஃப்டைப் பதினான்கு நாட்களுக்கு முன்னால் சோதித்தவர் இந்தக் கம்பெனியின் மெக்கானிக். “பிரேக் தேஞ்சு போச்சு, லிஃப்டை நிறுத்துங்கன்னு ரிப்போர்ட்ல எழுதினேன்,” என்று அண்ணியிடம் சொன்னார் அவர். லிஃப்டை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இல்லை, ஆபீசுக்குத்தான். அவர் எழுதினாரா இல்லையா என்று சொல்ல வேண்டிய ரிப்போர்ட்டோ, வாயைத் திறக்க மாட்டேன் என்கிறது.

“இந்த ஃபோல்டர்ல மொத்தம் எத்தனை ரிப்போர்ட்?” என்று கேட்டாள் அண்ணி.

“அறுநூத்திச் சொச்சம்,” என்றார் பின்னால் நின்றிருந்த முதலாளியம்மா. ஐம்பத்தெட்டு வயது, நீல ஓவரால் உடுப்பு, பையில் ஒரு ஸ்பேனர். தானே லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக் கம்பெனியை வளர்த்தவர். “மத்ததெல்லாம் யாருக்கும் திறக்கும். இது பொது ஃபோல்டர். மெக்கானிக்குங்க ஆறு பேரும் இந்த மேஜைலதான், ஒரே லாகின்லதான் டைப் அடிப்பாங்க. என் மாப்பிள்ளைதான் மேனேஜர், அவர் படிச்சுப் பார்த்து அடுத்த வேலையைப் போடுவார்.”

“உங்க லாகின்ல?”

“எனக்கும் திறக்கல. முதலாளிக்கே அனுமதி இல்லையாம். கொழுப்பைப் பாருங்க!”

மெக்கானிக் மூலையில் ஒரு மரப்பெட்டி மேல் உட்கார்ந்து, நகக்கண்ணில் இருந்த கிரீஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். இரண்டு நாட்களாக அவருக்கு வேலை கிடையாது, இருந்தும் வந்து உட்கார்ந்துவிடுகிறார். அவர் முதலாளியம்மாவுக்குக் கூடப் பிறந்த தம்பி என்பதுதான் இந்த வழக்கின் வயிற்றுவலி. அக்காவும் தம்பியும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் இருக்க ரொம்பவே பாடுபட்டார்கள்.

கொழுந்தன் கண்ணை ஓட்டினான். சுவர் முழுக்க ஒரு பெரிய பலகை. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதன் உருவத்தை அப்படியே வெள்ளைப் பெயிண்டில் வரைந்து, அதன் மேல் அதைத் தொங்கவிட்டிருந்தார்கள். பக்கத்தில் சிவப்பு எழுத்தில் மூன்று கட்டளைகள்: ‘எடுத்ததை எடுத்த இடத்தில் வை. ஒன்றுக்கு இரண்டு வைக்காதே. கழற்றியதை எறியாதே.’

“இதை எங்க வீட்டுல மாட்டினா அண்ணன் மட்டும்தான் பாஸ் ஆவார்,” என்று முணுமுணுத்தான்.

அப்போது முதலாளியம்மாவின் போன் அடித்தது. கம்பெனியின் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிற ஆள். வேறு ஊரில் மாட்டிக்கொண்டவன், ஸ்பீக்கரில் உற்சாகமாகக் கத்தினான்.

“அம்மா, கவலையே வேணாம்! அட்மின் பாஸ்வேர்ட் என்கிட்ட இருக்கு. இங்கேருந்தே அந்த ஃபைலுக்கு நான் ஓனர் ஆகி, எல்லாருக்கும் பர்மிஷன் குடுத்துடறேன். ரெண்டே நிமிஷம்!”

“கை வெச்சீங்க, தொலைச்சிடுவேன்,” என்றாள் அண்ணி.

“யாரும்மா அது?”

“அந்த ஃபைல் இப்ப யாருக்குத் திறக்கும்னு உங்களால பார்த்துச் சொல்ல முடியுமா? எதையும் மாத்தாம?”

“அதைப் பார்க்கறதுக்கே நான் முதல்ல ஓனர் ஆகணும்மா. நான் ஓனர் ஆனா, இப்ப அதுல இருக்கற பர்மிஷன் எல்லாம் போயிடும்.”

“அப்ப சும்மா இருங்க. அதுவே பெரிய உதவி.” போனை வைத்துவிட்டாள்.

கொழுந்தனுக்குத் தலை சுற்றியது. “என்ன அண்ணி இது! நாப்பத்தோரு தடவை தட்டி விரல் தேஞ்சு போச்சு. அவன் ரெண்டு நிமிஷத்துல திறக்கறேங்கறான், வேணாங்கறீங்க!”

“பூட்டை உடைச்சா கதவு திறக்கும். அது யார் பூட்டுன்னு அப்புறம் யார் சொல்றது? நமக்கு இப்ப கதவை விடப் பூட்டுதான் முக்கியம்.” அண்ணி எழுந்தாள். “முதலாளியம்மா, உங்களுக்குன்னு தனி ஃபோல்டர் உண்டா?”

“எனக்கு ஒண்ணு, மாப்பிள்ளைக்கு ஒண்ணு. அதுக்குள்ள வேற யாரும் போக முடியாது. மெக்கானிக்குங்களுக்குத் தனி ஃபோல்டர் கிடையாது.”

“வாங்க. ஒரு விளையாட்டு விளையாடுவோம்.”

முதலாளியம்மாவின் கண்ணாடி அறையில் விளையாட்டு நடந்தது. அண்ணி சொன்னபடி அவருடைய தனி ஃபோல்டருக்குள் கொழுந்தன் இரண்டு ஃபைல்களை உண்டாக்கினான். ஒன்றுக்கு ‘மொக்கை ஒண்ணு’ என்று பெயர் வைத்தான், மற்றதற்கு ‘மொக்கை ரெண்டு’. இரண்டிலும் ‘அண்ணி வாழ்க’ என்று எழுதினான். பிழைக்கத் தெரிந்த பிள்ளை.

“இப்ப ரெண்டையும் நீங்களே பொது ஃபோல்டருக்குக் கொண்டு போங்கம்மா. ஒண்ணைக் கட் பண்ணி, இன்னொண்ணைக் காப்பி பண்ணி.”

முதலாளியம்மா மௌசில் கை வைத்தவர் நிமிர்ந்து பார்த்தார். “காப்பியா? இங்க யாரும் எதையும் காப்பி பண்ண மாட்டோமே. ஒரு ஸ்பேனர், ஒரு இடம். ஒரு ஃபைல், ஒரு இடம். ரெண்டு இருந்தா எது சரின்னு சண்டை வரும். கட் பண்ணு, பேஸ்ட் பண்ணு, அவ்வளவுதான். எல்லாரையும் அப்படித்தான் பழக்கி வெச்சிருக்கேன். என் மாப்பிள்ளை கூட முதல் வருஷம் என்கிட்ட இதுக்காகத் திட்டு வாங்கியிருக்கார்.”

“ரொம்ப நல்ல பழக்கம்மா,” என்று அண்ணி சொன்னாள். கொழுந்தனுக்கு அந்தக் குரல் தெரியும். அண்ணன் ஒளித்து வைத்த பழைய சட்டையைக் கண்டுபிடித்த அன்றைக்கும் இதே குரலில்தான் பேசினாள்.

திரும்ப ஒர்க்‌ஷாப் மேஜை. காப்பி பண்ணிய ‘மொக்கை ரெண்டு’ சமர்த்தாகத் திறந்தது. கட் பண்ணிய ‘மொக்கை ஒண்ணு’வைத் தட்டினான். ‘இந்த ஃபைலைத் திறக்க உங்களுக்கு அனுமதி இல்லை.’

“அடப்பாவி, இதுவுமா!” கொழுந்தன் நாற்காலியோடு பின்னால் நகர்ந்தான். “ரெண்டும் ஒரே மொக்கைதானே அண்ணி? நான்தானே எழுதினேன்?”

அண்ணி மணி பார்த்தாள். மூன்று இருபது. அந்த நேரம் பார்த்து வாசலில் கார் வந்து நின்றது.

இறங்கி வந்தவர் மாப்பிள்ளை, கம்பெனியின் மேனேஜர். இஸ்திரி கலையாத சட்டை, தூக்கம் கலைந்த கண். விபத்து நடந்த அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து ஆஸ்பத்திரியிலேயே தையல்காரருக்குத் துணையாக இருந்தாராம். விஷயத்தைக் கேட்டதும் சிரித்தார்.

“என்ன அத்தை இது, ஒரு ஃபைலைத் திறக்கத் துப்பறியற ஆளுங்களா? என்கிட்ட ஒரு போன் பண்ணியிருந்தா வந்திருப்பேனே.”

“உங்களுக்கும் திறக்காது மாப்பிள்ளை. பெரிய பூட்டு,” என்றாள் அண்ணி, உதட்டைப் பிதுக்கி.

அவ்வளவுதான், ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மாப்பிள்ளை விறுவிறுவென்று தன் அறைக்குள் போனார். எல்லோரும் பின்னாலேயே ஓடினார்கள். கம்ப்யூட்டரை உயிர்ப்பித்தார், பொது ஃபோல்டரைத் திறந்தார், அந்த ரிப்போர்ட்டைத் தட்டினார்.

திறந்தது. ஒரு முனகல் கூட இல்லாமல், வெண்ணெயாகத் திறந்தது.

“பார்த்தீங்களா!” என்று பிரிண்டரிலிருந்து தாளை உருவி ஆட்டினார் மாப்பிள்ளை. “இதுக்குப் போய் ரெண்டு நாள்!”

முதலாளியம்மா தாளை வாங்கிப் படித்தார். ‘பிரேக் நல்ல நிலையில் உள்ளது. குறை எதுவும் இல்லை.’ கீழே மெக்கானிக்கின் பெயர். பதினான்கு நாட்களுக்கு முந்தைய தேதி. அவர் முகம் சுருங்கிப்போனது. தாளைத் தம்பியிடம் நீட்டினார்.

மெக்கானிக் இரண்டு தடவை படித்தார். “இது நான் எழுதினது இல்ல,” என்றார். தாளைத் திருப்பிக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டார்.

போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தான் கொழுந்தன். ஃபைல் திறக்காமல் இருந்தபோதாவது அந்த மனிதருக்குப் பாதி நம்பிக்கை இருந்தது. திறந்து தொலைத்ததும் அதுவும் போய்விட்டது. பேசாமல் ஏதாவது தோசைக்கரண்டி திருடு போன வழக்கை எடுத்திருக்கலாம். அண்ணியைத் திரும்பிப் பார்த்தான். அவள் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

“ரொம்ப உபகாரம் மாப்பிள்ளை! அம்மாவுக்கே திறக்காதது உங்களுக்குத் திறந்துடுச்சே. ஒரே ஒரு சந்தேகம். உங்க பாஸ்வேர்ட் வேற யாருக்காவது தெரியுமா?”

“என் மனைவிக்குக் கூடத் தெரியாது.”

“இந்த ரூமுக்கு வேற யாராவது?”

“சாவி என்கிட்ட மட்டும்தான் இருக்கு.”

“அப்ப இந்த ரிப்போர்ட்டை முன்னாடியே பார்த்திருப்பீங்க, இல்ல?”

“இல்லைங்க. அந்த வாரம் வேலை அதிகம், பார்க்கலை. இப்பத்தான் முதல் தடவையாப் பார்க்கறேன். அது இந்த மாமா ஒர்க்‌ஷாப்ல உட்கார்ந்து எழுதினதுதானே!” என்று மெக்கானிக்கைக் காட்டினார்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்று ஒருத்தன் கேட்காமலே சொன்னானாம். இவர் கேட்டதற்கெல்லாம் சொன்னார், அவ்வளவுதான் வித்தியாசம்.

“ஒர்க்‌ஷாப்ல எழுதினதுன்னா ஒர்க்‌ஷாப்ல திறக்கணுமே,” என்றாள் அண்ணி. “தம்பி, ஃபைலுக்கும் பிறந்த வீடு, புகுந்த வீடு உண்டு, தெரியுமா? எந்த ஃபோல்டர்ல பிறக்குதோ, அந்த வீட்டுப் பூட்டைத்தான் போட்டுக்கும். காப்பி பண்ணிக் கொண்டு வந்தா அது புதுப் பிறவி. புகுந்த வீட்டு வழக்கத்துக்கு வந்துடும். கட் பண்ணி அப்படியே தூக்கிட்டு வந்தா, புகுந்த வீட்டுல உட்கார்ந்துக்கிட்டே பிறந்த வீட்டுச் சாவியை இடுப்புல சொருகி வெச்சிருக்கும்.”

“உங்களை மாதிரியா அண்ணி?”

“வாயை மூடு. உன் ‘மொக்கை ஒண்ணு’ அதனாலதான் திறக்கல. அது பிறந்தது அம்மாவோட தனி ஃபோல்டர்ல. இந்த ரிப்போர்ட்டும் ஒர்க்‌ஷாப்ல பிறக்கல. தனி ஃபோல்டர் ஒண்ணுல பிறந்து, கட் ஆகி இங்க வந்திருக்கு. தனி ஃபோல்டர் இருக்கறது ரெண்டே பேருக்கு. அம்மாவோடதுல பிறந்திருந்தா அம்மாவுக்குத் திறந்திருக்கும்.”

மாப்பிள்ளை மௌஸிலிருந்து கையை எடுத்தார்.

“திறந்தவர்தான் பூட்டினவர். தவளை தன் வாயால கெடும்னு சொல்வாங்க, நீங்க மௌஸால கெட்டீங்க மாப்பிள்ளை.”

“சும்மா அடிச்சு விடாதீங்க!” மாப்பிள்ளைக்குக் குரல் பிசிறடித்தது. “மேனேஜருக்குத் திறக்கறது ஒரு குத்தமா? மாமா வேற மாதிரி எழுதினார்னா, அது எங்க? காட்டுங்க பார்ப்போம்!”

நியாயமான கேள்வி. அசல் ரிப்போர்ட்டை இந்த ஆள் அழித்துத் தொலைத்திருந்தால் அண்ணியின் அத்தனை புத்திசாலித்தனமும் ஆற்றில் கரைத்த புளிதான். மணி மூன்று நாற்பது.

அண்ணி நிதானமாக ஒர்க்‌ஷாப் மேஜைக்கு நடந்தாள். எல்லோரும் பின்னால் வந்தார்கள், மெக்கானிக் தன் மரப்பெட்டிக்கே போய் உட்கார்ந்தார். “தம்பி, மேனேஜரோட ஃபோல்டரைத் திற.”

தட்டினான். அனுமதி இல்லை.

“அது வீட்டு வாசக்கதவு. பூட்டியிருக்கு, எட்டிப் பார்க்க முடியாது. ஆனா உள்ள இருக்கற ஆளோட முழு விலாசத்தையும் எழுத்துப் பிசகாமச் சொல்லிக் கூப்பிட்டா, அவன் மேல பூட்டு இல்லைன்னா எழுந்து வந்துடுவான். அந்த விலாசத்தைத் திரையில மேல இருக்கற நீளமான கட்டத்துல அடி. மேனேஜர் ஃபோல்டர் பேரு. பின்னாடியே ரிப்போர்ட்டோட பேரு, கட்டடமும் தேதியும்.”

“அதே பேரா?”

“ஒர்க்‌ஷாப்ல பிறந்த அசல் ரிப்போர்ட்டுக்கு எல்லாருக்கும் திறக்கற குணம். அதைக் காப்பி பண்ணியிருக்க மாட்டார், அம்மா திட்டியே பழக்கிட்டாங்க. கட் பண்ணித் தன் ஃபோல்டருக்குக் கொண்டு போயிருப்பார். போனாலும் அது பிறந்த குணம் மாறாது.”

“அழிச்சிருந்தா?”

அண்ணி சுவரைக் காட்டினாள். கழற்றியதை எறியாதே. “பத்து வருஷமா தினமும் இதைப் பார்த்துட்டு வேலை செய்யற கை, அழிக்கற பட்டனுக்கு அவ்வளவு லேசாப் போகாது. போயிருந்தா நாம தோத்தோம். அடி.”

கொழுந்தன் அடித்தான். அவசரத்தில் அண்டாவுக்குள் கூடக் கை போகாது என்பார்கள். தேதியில் ஒரு எண்ணைத் தப்பாக அடித்து, தன்னையே திட்டிக்கொண்டு, அழித்து, மறுபடி அடித்தான். என்டரைத் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டான்.

“அட!” என்றது முதலாளியம்மாவின் குரல்.

கண்ணைத் திறந்தான். திரையில் ஒற்றை விரலால் அடிக்கப்பட்ட, புள்ளிகள் பாதி தொலைந்த ரிப்போர்ட் ஒன்று இருந்தது. முதல் வரியே ‘பிரேக் தேஞ்சு போச்சு’ என்று ஆரம்பித்தது.

முதலாளியம்மா மெல்ல மாப்பிள்ளை பக்கம் திரும்பினார். “எப்படா படிச்சே இதை?” அவர் பேச்சிலிருந்து ‘மாப்பிள்ளை’யும் போச்சு, ‘நீங்க’வும் போச்சு.

மாப்பிள்ளை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். “வந்த அன்னைக்கே படிச்சேன் அத்தை. வியாழக்கிழமை சாயங்காலம். வெள்ளிக்கிழமை முதல் வேலையா லிஃப்டை நிறுத்திக்கலாம்னு விட்டேன். வெள்ளிக்கிழமை மறந்துட்டேன். சத்தியமா மறந்துட்டேன். அந்த மனுஷன் அலறினதைக் கேட்டப்புறம்தான் ஞாபகமே வந்துச்சு. பயந்துட்டேன். புதுசா ஒண்ணு அடிச்சு வெச்சுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். ரெண்டு நாளா அவர் மூஞ்சியைப் பார்க்க முடியல.” முகத்தைத் துடைத்துக்கொண்டார். “உங்க பொண்ணை நினைச்சுப் பாருங்க அத்தை. அந்தப் பிரிண்டையே குடுத்துடலாம். மாமா நம்ம ஆள்தானே, அவரை அப்புறம் நாம பார்த்துக்கலாம்.”

கொழுந்தனுக்கு நாக்கு நுனியில் நாலு பதில் வந்தது. முதலாளியம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நாலையும் விழுங்கினான்.

வாசலில் காலடிச் சத்தம் கேட்டது. முதலாளியம்மா அதைக் கேட்டதாகத் தெரியவில்லை. மரப்பெட்டிக்கு முன்னால் போய் நின்றார். இரண்டு நாளில் முதல் தடவையாகத் தம்பியை நேராகப் பார்த்தார்.

“ரெண்டு நாளா இங்கயே உட்கார்ந்திருந்தியேடா. நான் எழுதினேன்க்கான்னு என் சட்டையைப் பிடிச்சு ஒரு வார்த்தை கத்தியிருக்கக் கூடாதா?”

“நீ என்னைக் கேக்கவே இல்லையேக்கா,” என்றார் மெக்கானிக். “ஃபைலைத்தானே கேட்டே.”

முதலாளியம்மாவால் அங்கே நிற்க முடியவில்லை. தம்பி கையில் இருந்த பிரிண்டை வாங்கி நாலாகக் கிழிக்கப் போனவர், நிறுத்தி, அதைப் பத்திரமாக மேஜை மேல் வைத்தார். அதுவும் சாட்சிதான்.

“என்னம்மா, ஃபைல் திறந்துச்சா?” என்று கேட்டபடி அதிகாரி உள்ளே வந்தார். பேனா மூடியைக் கழற்றினார். “யார் பொறுப்புன்னு இன்னைக்கு நான் எழுதியாகணும்.”

“முதல்ல என் பேரை எழுதுங்க. பதினாலு நாளா என் கம்பெனிக்குள்ள இருந்த ரிப்போர்ட்டை நான் படிக்கல. அடுத்தது மேனேஜர் பேரு. அது எப்படின்னு இந்த அம்மா விவரமாச் சொல்வாங்க.” முதலாளியம்மா மருமகன் பக்கம் திரும்பவே இல்லை.

“மெக்கானிக் பேரு?”

“அவன் எழுதினதை மட்டும் எழுதிக்குங்க. ஒரு எழுத்து மாத்தாம.”

அதிகாரி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். முதலாளியம்மா திரைக்கு முன்னால் குனிந்து, சத்தமாக வாசித்தார்.

“பிரேக் தேஞ்சு போச்சு. லிஃப்டை இன்னைக்கே நிறுத்தவும். ரெண்டாவது மாடித் தையல்காரர் நாள் முழுக்கத் துணி மூட்டையோட ஏறி இறங்கறார். நான் சொன்னா சிரிக்கறார். அக்கா சொன்னாக் கேப்பார், அக்காகிட்ட சொல்லவும்.”

கடைசி வரியில் அவர் குரல் நின்றுவிட்டது. அதிகாரி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தார். முதலாளியம்மா ஓவராலின் கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அந்த வரியை மறுபடி முதலிலிருந்து வாசித்தார்.